ஆளி தானாகச் சாவதில்லை

மாவடிப்பள்ளி என்றதும் இன்று உலகெங்கும் சிதறியிருக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 2024 நவம்பர் 26ஆம் திகதிதான். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயல்வெளியை ஊடறுத்துச் செல்லும் வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. அதன் பின்னர் பல நாட்களாகப் 'பாதுகாப்பு' என்ற சொல் எல்லோருடைய வாயிலும் இருந்தது. அரசியல்வாதிகள் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள், நாமும் பேசினோம். நான் இன்று எழுத வந்தது அந்தத் துயரத்தைப் பற்றியல்ல. அதே ஊரிலும் அதன் அயலிலும் வெள்ளம் இல்லாத நாட்களில் ஒரு விரல், இரண்டு விரல், சில வேளைகளில் ஒரு மணிக்கட்டு என்று சில்லறையாக நடந்துகொண்டிருக்கும் ஒரு நட்டத்தைப் பற்றி. சில்லறை நட்டங்களுக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை.

சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான இந்தக் கரையோரப் பட்டியில் அரிசி ஆலைகளும் மரவேலைத் தளங்களும் இரும்பு ஒட்டுப் பட்டறைகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது ஊரவர்களுக்குத் தெரியும். அவற்றில் எந்த ஒன்றினுள்ளும் நுழைந்து, "இந்த இயந்திரத்தை உடனே நிறுத்துவது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் இருக்கும் பெரிய ஆளியைக் காட்டுவார்கள். அது பத்தடி தள்ளி, மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும். இயந்திரத்திலேயே பொருத்தி வந்த பாதுகாப்பு ஆளி எங்கே என்று கேட்டால் ஒரே விடைதான்.

"அது பழுதாகிப் போச்சு காக்கா. டிரெக்ட் குடுத்திரிக்கி."

(தமிழகத்து வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஆளி என்றதும் கோயில் தூணில் நிற்கும் விலங்கை நினைத்துவிடக் கூடாது. இலங்கையின் விஞ்ஞானப் பாடநூல்கள் சுவிட்சுக்குத் தந்த பெயர் அது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆள்வது எதுவோ அது ஆளி.)

'டிரெக்ட் கொடுத்தல்' என்பது எங்கள் பகுதியின் தொழில்நுட்ப அகராதியில் மிகவும் பயங்கரமான சொற்றொடர் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். ஆளிக்குள் போய்வர வேண்டிய இரண்டு வயர்களையும் வெளியே எடுத்து, முறுக்கி, கறுப்பு நாடா சுற்றிவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அதன் பின்னர் அந்த இயந்திரத்தை ஆள்வதற்கு யாருமில்லை.

ஏன் பழுதானது என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். ஒன்று, சைனா சாமான். இரண்டு, பொடியன்மாரின் கவனயீனம். மூன்று, சற்றுத் தாழ்ந்த குரலில், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்". இந்த மூன்று பதில்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றுமே முதலாளியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகின்றன. நான் சொல்ல விரும்புவது வேறு. பாதுகாப்பு ஆளிகள் இந்தப் பட்டறைகளில் காலத்துக்கு முந்திச் சாவதில்லை, சாகடிக்கப்படுகின்றன. எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த விடயத்தில் கோபப்படுவதற்கு முன்னால் விளங்கிக்கொள்வது அவசியம்.

கடையில் வாங்கும் சிறிய ஆளியொன்றின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பலவற்றில் 16 என்று எழுதி, அதனையடுத்து அடைப்புக்குறிக்குள் 4 என்று எழுதியிருக்கும். பிறகு A என்ற எழுத்தும் 250 என்ற இலக்கமும் இருக்கும். பதினாறு அம்பியர் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை இருவரும் வாசிப்பதில்லை. அந்த 16 என்பது மின்னடுப்புப் போன்ற சாதுவான சுமைகளுக்கு உரியது. மோட்டார் என்றால் அந்த ஆளியின் தகுதி 4 அம்பியர்தான். உலகத் தரநிர்ணயம் அவ்வாறுதான் எழுதச் சொல்கிறது. தயாரித்தவனும் ஒளிவுமறைவின்றி எழுதித்தான் அனுப்புகிறான்.

இனி மரவேலைத் தளத்துக்கு வாருங்கள். 3 குதிரைவலு வட்டவாள். சிங்கிள் பேஸ் மோட்டார். சாதாரணமாக ஓடும்போதே ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும். புறப்படும் அந்தக் கணத்தில் அதனைப்போல் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு. ஆளியின் உள்ளேயிருக்கும் வெள்ளிக் கலப்புத் தொடுகைகள் ஒன்றையொன்று முட்டும்போது ஒரு தடவையில் அமர்ந்துவிடுவதில்லை; நிலத்தில் விழுந்த பந்துபோலச் சில தடவைகள் துள்ளித்தான் அமரும். ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு பொறி. பொறி பட்ட இடத்தில் உலோகம் உருகும். உருகிய இடம் ஒரு நாள் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு சிவப்புப் பொத்தானை என்ன அழுத்து அழுத்தினாலும் வாள் சுழன்றுகொண்டேயிருக்கும்.

நாலு அம்பியருக்கென்று பிறந்த ஒன்றின் தலையில் எண்பது அம்பியரை ஏற்றிவிட்டு, "மூணு மாசத்தில போய்ட்டு, சைனா சாமான்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? கழுதையின் முதுகில் லொறிச் சாமானை ஏற்றிவிட்டுக் கழுதையின் சாதியை ஏசுவது போன்றது இது. சீனாவிலிருந்து குப்பையும் வருகிறது, உலகின் தரமான கருவிகளும் வருகின்றன. மோட்டாருக்கென்றே செய்த கொண்டாக்டர்கள் தனியாக இருக்கின்றன. ஏசி-3 என்று அவற்றில் எழுதியிருக்கும். சரியான சுமையில் அவை இலட்சக்கணக்கான தடவைகள் இயங்கும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்கள் சொல்கின்றன. அதே கொண்டாக்டரை வைத்துக்கொண்டு மோட்டாரைத் தட்டித் தட்டி, புறப்பட்டு முடிவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அதன் ஆயுள் பத்திலொன்றாகவும் அதற்குக் கீழும் குறைந்துபோகும். அந்த வகையான வேலைக்கு ஏசி-4 என்று வேறொரு வகுப்பே உண்டு. எங்கள் பட்டறைகளில் இந்த இரண்டு எழுத்தையும் ஓர் இலக்கத்தையும் வாசித்துப் பார்த்து வாங்கியவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

நிற்க. முதலாளிமாரின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனை மறைப்பது அழகல்ல. மின்சாரம்.

இலங்கையில் வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். இது ஏட்டில். மின்மாற்றியிலிருந்து நீண்ட தூரம் இழுத்துச் செல்லப்பட்ட கம்பியின் கடைசி முனையில், மஃரிப் நேரத்தில், எல்லா வீட்டு விளக்குகளும் எரியத் தொடங்கும்போது என்ன நடக்கிறது என்பதை விளக்கின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தக் குறைமின்னழுத்தம் பச்சை, சிவப்புப் பொத்தான் ஆளிக்குச் செய்யும் கொடுமை விசித்திரமானது. அந்த ஆளியின் உள்ளே ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. பச்சையை அழுத்தினால் காந்தம் இரும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் பிடி விடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் யாராவது ஒருவர் மீண்டும் பச்சையை அழுத்தும்வரை இயந்திரம் அசையாது. இந்த ஆளியின் பெருமையே அதுதான். மின்வெட்டு நேரத்தில் வாளின் பல்லில் சிக்கிய மரத்துண்டைக் கையால் எடுத்துக்கொண்டிருப்பவனைக் காப்பாற்றுவது இந்தச் சின்னஞ்சிறு சுருள்தான்.

சுருளின் இயல்பு என்னவென்றால், இரும்பை முழுதாக இழுத்து அணைத்துக்கொண்ட பிறகுதான் அது இளைப்பாறும். அணைத்துக்கொள்ளும்வரை பல மடங்கு மின்னோட்டத்தைக் குடிக்கும். சர்வதேசத் தரநிர்ணயத்தின்படி, கொண்டாக்டரொன்று தனக்குரிய மின்னழுத்தத்தின் 85 சதவீதத்தில் கட்டாயம் மூட வேண்டும். 230இல் அது ஏறத்தாழ 195. அதற்குக் கீழே இறங்கினால் எந்த உத்தரவாதமும் இல்லை. இரும்பு பாதி வழியில் நின்று 'டர்ர்ர்' என்று துடிக்கும். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அது சுருள் வெந்துகொண்டிருக்கும் சத்தம். அந்தத் துடிப்பில் தொடுகைகளும் வினாடிக்குப் பல தடவை முட்டிப் பிரிந்து கருகுகின்றன. சில நிமிடங்களில் எரிந்த வார்னிஷ் மணம் வரும். ஆளி மௌத்து.

நியூட்ரல் கம்பி அறுந்தால் கதை தலைகீழ். 230க்கென்று செய்த சுருளுக்கு 400க்குக் கிட்டிய மின்னழுத்தம் வந்து சேரலாம். அப்போது நிமிடங்கள்கூடத் தேவையில்லை.

ஆகவே மின்சாரத்தின் மீதும் பழி இருக்கிறது. ஆனால் அந்தப் பழியை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனது வழக்கு. சுருள் எரிந்துவிட்டால், குறைமின்னழுத்தத்தைக் கண்டறிந்து துண்டிக்கும் காப்புக் கருவியொன்றை முன்னால் பொருத்தலாம். வழங்கல் கம்பியைச் சீராக்கித் தருமாறு மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடலாம், திரும்பத் திரும்ப முறையிடலாம். இவை எதுவும் நடப்பதில்லை. டிரெக்ட் கொடுக்கிறார்கள். மின்சாரம் நம்பமுடியாத ஊரில், மின்சாரம் நம்பமுடியாதது என்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட ஆளியைக் கழற்றி எறிகிறார்கள்! 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை தடவை போனது, எத்தனை தடவை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. டிரெக்ட் கொடுத்த ஒவ்வொரு வாளும் ஒவ்வொரு சீவுளி இயந்திரமும் ஒவ்வொரு தடவையும் தானாகவே விழித்தெழுந்தது. யாருடைய கை எங்கே இருந்தது என்பது அந்த இயந்திரங்களுக்குத் தெரியாது.

அடுத்தது தூசி. முதிரை, தேக்கு, வேம்பு என்று அரிந்து தள்ளும் தளத்தில் மாவுபோல மிதக்கும் மரத்தூள். அரிசி ஆலையில் உமித்தூள், அது இன்னும் மோசம். உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சாதி. எனவே உமித்தூள் பட்ட இடத்தை அரம்போல அராவும். இவற்றோடு சில கிலோமீற்றர் தூரத்திலிருந்து வீசும் கடற்காற்றின் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளியின் வில்லுகளும் திருகாணிகளும் துருவேறுவதற்கு வேறென்ன வேண்டும்?

இதற்கும் பரிகாரம் இருக்கிறது. தூசி புகாத பெட்டி விற்கிறார்கள். ஐபி என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 6 என்றால் தூசி முற்றாகப் புகாது, 5 என்றால் கெடுதி செய்யுமளவுக்குப் புகாது. நான் மாவடிப்பள்ளியில் பார்த்த பெட்டியொன்றில் ஐபி 65 என்று அழகாக அச்சிட்டிருந்தது. வயர் நுழையும் துவாரத்துக்கு அடைப்பு இல்லை. சுண்டுவிரல் போகுமளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. உள்ளே மரத்தூள் அரைவாசிக்கு நிரம்பியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை காற்றடிக்கும் குழாயால் இயந்திரத்தைச் சுத்தம் செய்வதாக அங்கிருந்த ஓடாவி சொன்னார். சுத்தம் செய்யவில்லை, வெளியில் கிடந்த தூளை அந்தத் துவாரத்தினூடாக உள்ளே செலுத்தியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தூளை உறிஞ்சியெடுக்கும் கருவி வாங்கித் தரப்படவும் இல்லை.

அதே இயந்திரத்தில் இன்னொன்றையும் கண்டேன். வாளை மூடும் உலோக மூடியின் கீழே ஒரு சிறு ஆளி. மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. அந்த மூடி வந்து இடித்து நிற்பது அந்த ஆளியின் தலையிலேதான். நாளொன்றுக்கு நூறு தடவை 'டங்' என்று ஓர் இரும்புத் தகடு தலையில் விழுந்தால் எது நிலைக்கும்? மூடியைத் தடுத்து நிறுத்துவதற்கு வேறொரு தடுப்பு இருக்க வேண்டும், ஆளியே தடுப்பாக இருக்கக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 14119 என்ற சர்வதேச நியமம் சொல்கிறது. நியமம் எதற்கு? கதவு செய்யும் ஓடாவி யாரும் கதவின் பாரத்தைப் பூட்டில் தொங்கவிடமாட்டார். அது அவருக்குத் தெரிந்த விடயம். இயந்திரத்தின் மூடி என்று வரும்போது மட்டும் யாரும் அப்படி யோசிப்பதில்லை.

பிறகு அந்தக் காளான் தலைச் சிவப்புப் பொத்தான். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, உள்ளங்கையால் அடித்தாலும் அழுந்தும்படி செய்திருப்பார்கள். ஆபத்து நேரத்தில் மட்டும் அடிக்க வேண்டிய பொத்தான் அது. தேநீருக்குப் போகும்போதும் தொழுகைக்குப் போகும்போதும் வேலை முடிந்து போகும்போதும் அதையே அடித்துவிட்டுப் போகிறார்கள். ஏனென்றால் சாதாரண நிறுத்தற் பொத்தான் முதலிலேயே பழுதாகிவிட்டது! சாதாரணப் பொத்தானின் இயக்க ஆயுளோடு ஒப்பிட்டால் அவசர நிறுத்தியின் ஆயுள் மிகக் குறைவாகவே தரப்பட்டிருக்கும், ஏனெனில் அது அன்றாடப் பாவனைக்குச் செய்யப்பட்டதல்ல. ஆகவே அதுவும் போகும். அது போன பிறகு மிச்சமிருப்பது, மூட்டைகளுக்குப் பின்னாலுள்ள சுவர் ஆளிதான்.

இவற்றில் எதுவுமே ஆளியின் பிழையல்ல. தொழிலாளியின் பிழையும் பெரும்பாலும் அல்ல. இங்கேதான் எனக்குக் 'கவனயீனம்' என்ற சொல்லின் மீது கோபம் வருகிறது. பத்திரிகைகளில் இந்தச் சொல் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது! இயந்திரத்தில் சிக்கி ஒருவர் கையிழந்தால், அவருடைய வயது, பிள்ளைகளின் தொகை, எந்த ஆஸ்பத்திரி எல்லாம் செய்தியில் வரும். கடைசி வரியில் கவனயீனமே காரணமெனத் தெரியவருகிறது என்று முடியும். யாருக்குத் தெரியவந்தது? யார் சொன்னது? பெரும்பாலும் முதலாளி சொன்னது. கையிழந்தவன் மயக்க மருந்தில் கிடப்பான். அந்த இயந்திரத்தின் நிறுத்தற்பொத்தான் வேலை செய்ததா என்ற ஒரேயொரு கேள்வியை விசாரிப்பவர்களும் கேட்பதில்லை, எழுதுபவர்களும் கேட்பதில்லை. நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஒரே பலகையை ஒரே விதமாகத் தள்ளிக்கொண்டிருப்பவனுக்குக் கவனம் சிதறத்தான் செய்யும். சிதறும் என்று தெரிந்ததனால்தானே ஆளியை வைத்தார்கள்?

நாட்டம் என்ற பதிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. ஒட்டகத்தின் கயிற்றை நாங்களே அறுத்துவிட்டு, அது ஓடிப்போனதை இறைவனின் கணக்கில் எழுதுவதை என்னவென்று சொல்வது? பள்ளிவாசல் வாசலில் இரண்டு விரலில்லாத கையை நீட்டி ஸலாம் சொல்பவர்களை நாம் பார்த்தே வருகிறோம். அவர்களிடம் போய் நாட்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

இது ஏழை நாட்டின் பிரச்சினை, வசதியிருந்தால் இப்படி நடக்காது என்று ஒரு வாதம் வரும். ஜேர்மனியில் தொழில் விபத்துக் காப்புறுதி நிறுவனங்களின் தலைமை அமைப்பு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உலோகத்தொழில் இயந்திரங்களிலுள்ள பாதுகாப்புச் சாதனங்களில் ஏறத்தாழ 37 சதவீதமானவை தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன என்பது அதன் கணிப்பு. ஒழுங்குக்குப் பேர்போன ஜேர்மனியில்! காரணம் பணமில்லாமை அல்ல. பாதுகாப்புச் சாதனம் வேலையைத் தாமதப்படுத்துகிறது, வேலை வேகமாக முடிய வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள், கீழே இருப்பவன் வழி கண்டுபிடிக்கிறான். மேலாளருக்குத் தெரியும், தெரியாததுபோல இருப்பார். எங்கள் பட்டறைகளில் அடைத்த கதவு எண்ணிக்கைக்குக் கூலி, தைத்த கட்டில் எண்ணிக்கைக்குக் கூலி என்று இருக்கும்வரை, பொத்தானுக்குள் தீக்குச்சி செருகுகின்ற கை தொழிலாளியுடையதாக இருந்தாலும் செருகச் சொல்கின்ற வாய் வேறொருவருடையது.

இந்தியாவில் குர்காவ்ன், மானேசர் வட்டாரத்து வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் அழுத்து இயந்திரங்களுக்குள் விரல் இழப்பவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அறிக்கையின் பெயரே 'நசுக்கப்பட்டவர்கள்' என்று பொருள்படும். பெரிய பெரிய கம்பனிகளின் கார்களுக்குள் போகும் பாகங்கள் அவை. கையை உணர்ந்து இயந்திரத்தை நிறுத்த வேண்டிய உணரிகள் பொருத்தப்படாமலோ பழுதாகியோ கிடக்க, வேலை மட்டும் நிற்காமல் நடந்ததைத் தொழிலாளர்களே அவற்றில் சொல்லியிருக்கிறார்கள்.

போபாலை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 1984 டிசம்பரில் அந்த நச்சுவாயு வெளியேறிய இரவில், அதைத் தடுக்க வேண்டிய சாதனங்கள் அந்தத் தொழிற்சாலையில் இல்லாமலில்லை. குளிரூட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் ஆயத்த நிலையில் இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு காரணமும் தனியே கேட்டால் நியாயம்போலத்தான் ஒலிக்கும். மாவடிப்பள்ளியின் வட்டவாளையும் போபாலையும் ஒரே தராசில் வைக்கிறேனா என்று கேட்பீர்கள். பருமன் வேறு, டிரெக்ட் கொடுக்கும் மனம் ஒன்றே.

"பாதுகாப்பெல்லாம் வெச்சா மெஷின் ஓடாது காக்கா" என்பார்கள். இந்த வாதம் எழுபது வருடங்களுக்கு முன்னரே பிரித்தானியாவின் பிரபுக்கள் சபைவரை போயிருக்கிறது. அரைப்புச் சில்லில் பெருவிரலைக் காயப்படுத்திக்கொண்ட தொழிலாளியொருவர் ஜோன் சமர்ஸ் என்ற உருக்குக் கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. முற்றாக மூடினால் சில்லைப் பாவிக்கவே முடியாது என்று கம்பனி வாதாடியது. பாவிக்க முடியாமற் போனாலும் சட்டம் சட்டமே, ஆபத்தான பாகம் வேலியிடப்பட வேண்டும் என்று 1955இல் தீர்ப்பானது. எங்கள் நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதற்கும் முந்தியது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்கள் வேலியிடப்பட வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. 2009இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்று தேசிய நிறுவனமொன்றும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சட்டப் புத்தகம் காரைதீவுச் சந்திவரை வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் பழையது, 1934. அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த அவயவம் போனால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை சதவீதம் போனது என்று வரிவரியாக எழுதிய அட்டவணை. பெருவிரலுக்கு ஒரு விலை, சுட்டுவிரலுக்கு ஒரு விலை. வாசிக்கும்போது இறைச்சிக்கடைப் பலகை ஞாபகத்துக்கு வரும். நட்டஈட்டின் உச்சவரம்பு நீண்டகாலம் ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்து, 2022இல்தான் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதைக் கோருவதற்குத் தான் இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட வேண்டும். நாட்கூலிக்குச் சம்பளத் துண்டு கிடையாது. "தம்பி, ஆஸ்பத்திரிச் செலவ நாங்க பாத்துக்கொள்றம், பொலிசுக்கெல்லாம் போகாத" என்று முதலாளி சொல்வார். அவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவோ இருப்பார். கையிழந்தவனின் வாப்பாவும் தலையாட்டுவார். கோப்பு மூடப்படும், சொல்லப்போனால் திறக்கப்படுவதேயில்லை.

முதலாளிமார் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் அதே வாளில் தாமும் நின்று வேலை செய்பவர்கள். சிலருடைய கைகளிலும் விரல் குறைவு. 2004 சுனாமிக்குப் பின்னர் வாழ்வாதார உதவி என்று இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனங்கள், திறப்பு விழாவில் படமெடுத்ததோடு போய்விட்டன. உதிரி ஆளி எங்கே வாங்குவது, எந்த இலக்கத்தைப் பார்ப்பது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாலே பாதிக் காரியம் முடிந்திருக்கும். பயனர் கைநூல்கள் ஆங்கிலத்தில், அல்லது சீனத்தில். அவை பொலித்தீன் உறையோடு அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன.

ஆனாலும் ஒரு கணக்கு மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. மரத்தின் விலை தெரிகிறது, வாள் அலகின் விலை தெரிகிறது, மோட்டாரைச் சுற்றி எடுக்கும் செலவு தெரிகிறது. மோட்டார் எரிந்தால் அன்றைக்கே கல்முனைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள், இரவிரவாக இருந்து சுற்றி வாங்கி வருகிறார்கள். ஆளி எரிந்தால் மட்டும் பிறகு பார்ப்போம். மோட்டார் இல்லாவிட்டால் வேலை நிற்கும், ஆளி இல்லாவிட்டால் நிற்காது. எவ்வளவு எளிமையான கணக்கு!

அடுத்த தடவை ஊரில் மரவேலைத் தளத்துக்குக் கதவு செய்யக் கொடுக்கப் போகும் வாசகர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டுபவர்கள் உட்பட, தேக்கா முதிரையா என்று கேட்ட பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்டுவையுங்கள். "அந்த வாளை ஒருக்கால் ஓடவிட்டு, சிவப்புப் பொத்தானை அமத்திக் காட்டுங்க பார்ப்பம்." பத்து வினாடி வேலை. நின்றால் முற்பணத்தைக் கொடுங்கள். டிரெக்ட் என்று சொன்னால், ஆளி மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முதலாளிக்குச் சட்டம் சொல்லி விளங்காதது இவ்விடத்தில் விளங்கும். ஆளி வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடைப்புக்குறிக்குள் இருக்கும் இலக்கத்தைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது என்னவென்று தெரியாது என்று அவர் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். கல்முனையில் கடைக்கா பஞ்சம்?